வரப்போகிறவருக்காகப் பூசிய வீடு

தம்பி,

நீ வாட்ஸப்பில் அனுப்பியிருந்த, உன் மாமனார் குடும்பம் இருக்கும் வெள்ளவத்தை வீட்டின் வரலாற்றை ஆறுதலாக இருந்து வாசித்தேன். எங்கள் கலியாணத்துக்கு வருகிறவர்களின் கையில் சின்னப் புத்தகமாகக் கொடுக்கப்போகிறோம், எழுத்துப் பிழை மட்டும் பார்த்துத் தாருங்கள் அம்மா என்று கேட்டிருந்தாய். எழுத்துப் பிழை பெரிதாக இல்லை. நீ நன்றாகத்தான் எழுதியிருக்கிறாய். கடலுக்கு இறங்கும் அந்த ஒழுங்கையில் மிஞ்சியிருக்கும் கடைசிப் பழைய வீடு அது என்பதும், வாசல் கண்ணாடியின் நிறங்களும், நிலத்துச் சீமெந்துக் கல்லின் பூவும் எல்லாம் சரி. அதைக் கட்டியவர் புறக்கோட்டையில் கடை வைத்திருந்தவர் என்பதும் சரி. ஆனால் ஒரு கட்டடப் பொறியியலாளனாக நீ கண்டுபிடித்து, காரணம் தெரியவில்லை என்று எழுதிவிட்டுப்போன விஷயங்கள் சில இருக்கின்றன. அவற்றின் காரணம் எனக்குத் தெரியும். நான் அந்த வீட்டில் இருந்திருக்கிறேன்.

இதை உனக்கு இதுவரை சொல்லவில்லை. நிச்சயதார்த்தத்தன்று உன் மாமியாராகப் போகிறவ என் கையைப் பிடித்து, உங்களை எங்கேயோ கண்ட மாதிரி இருக்கு என்றா. கொழும்பில் எல்லோரும் எல்லோரையும் எங்கேயாவது கண்டிருப்போம் என்று சொல்லிச் சிரித்துவைத்தேன். உன் மாமனார் என்னைப் பார்க்கவேயில்லை, தேத்தண்ணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு என்னைத் தெரிந்துவிட்டது என்று அப்போதே விளங்கியது. நீ அன்றைக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தாய். அதனால் பேசாமல் இருந்தேன். இனி அப்படி இருக்க முடியாது. போன கிழமை நீ வந்து சொன்ன கதைதான் இதை எழுத வைக்கிறது.

வவுனியாவில் டிராக்டர் ஓட்டியவரின் மகள் பல்கலைக்கழகத்துக்கு எடுபட்டால் கொழும்பில் எங்கே தங்குவது? எங்கள் வீட்டில் அதற்கு முன் ஒருவரும் பத்தாம் வகுப்பைத் தாண்டவில்லை, கேட்டு அறிய ஆளில்லை. யாரோ சொல்லி யாரோ காட்டி அந்த வீட்டு மண்டபத்துக்குப் பக்கத்து அறை கிடைத்தது. வடக்கில் இருந்து வந்து கொழும்பில் தங்குகிற தமிழர் செய்யவேண்டிய பொலிஸ் பதிவுக்கு உன் மாமனார்தான் என்னைக் கூட்டிப்போனார், அந்த உதவியை மறைக்க மாட்டேன். எனக்கு வாய் திறந்து பேச வராது. சாப்பாட்டு மேசையில் கறி வேண்டுமா என்று கேட்டால்கூடத் தலையைத்தான் ஆட்டுவேன். பேசாத பிள்ளைக்கு முன்னால் மனிதர்கள் எதையும் பேசுவார்கள், கதிரைக்கு முன்னால் பேசுவது போல. அதனால் ஒரு வருஷத்துக்குள் அந்த வீட்டைப் பற்றி, அதில் பிறந்தவர்களுக்குத் தெரியாததும் எனக்குத் தெரிந்துவிட்டது.

நீ 'குடும்பச் சொத்தாக வழிவழி வந்த வீடு' என்று எழுதியிருக்கிறாய். அதை வெட்டிவிடு. கடைக்காரர் அதைத் தன் மகளுக்குச் சீதனமாக எழுதினார். அந்த மகள் தன் மூத்த மகளுக்குச் சீதனமாக எழுதினா. அந்த மூத்த மகள்தான் கமலா அக்கா. உன் மாமனார் அவவின் தம்பி. அந்த வீடு ஒருநாளும் அவருடையதாக இருந்ததில்லை, இன்றைக்கும் இல்லை. நீ உன் புத்தகத்தில் அவவைப் பற்றி ஒரே ஒரு வரி எழுதியிருக்கிறாய், 'பின்னறையில் சுகவீனமான அத்தை ஒருவர் வசிக்கிறார்' என்று. வாசல் கண்ணாடிக்கு ஒரு பக்கம், வீட்டுக்காரிக்கு ஒரு வரி.

முன்னறைச் சுவரைச் சுரண்டிப் பார்த்தபோது நிறத்துக்கு மேல் நிறமாக, நீலம், பச்சை, ரோசா, மறுபடியும் நீலம் என்று வந்துகொண்டே இருந்தது, வேறு எந்த அறையிலும் இப்படி இல்லை, ஏன் என்று தெரியவில்லை என்று எழுதியிருக்கிறாய். சொல்கிறேன். கமலா அக்கா கலியாணம் முடித்துக் கொஞ்சக் காலத்தில் புருஷன் ஜேர்மனிக்குப் போனார். முதலில் கடிதம் வந்தது. பிறகு அதுவும் நின்றது. ஆனால் அக்காவின் தம்பிக்கு, உன் மாமனாருக்கு, மட்டும் தொலைபேசி வரும். தம்பி வந்து சொல்லுவார், அக்கா, அத்தானுக்கு விசா சரிவந்திட்டுதாம், அடுத்த மாதம் வாறாராம் என்று. உடனே முன்னறைக்கு வர்ணம் பூச ஆள் வரும். அக்கா நிறம் தெரிவு செய்வா. கட்டில் வெயிலில் காயும், நுளம்பு வலை தோய்க்கப்படும். மாதம் போகும். ஏதோ ஒரு தடங்கல் என்று தம்பி சொல்லுவார். அடுத்த தடவை வேறு நிறம். நான் இருந்த காலத்திலேயே பச்சை ரோசாவாக மாறியதைக் கண்டேன். பூசுகிற மனிதர் ஒரு சிங்களவர். அவருக்கே விளங்கிவிட்டது. என்னைப் பார்த்து, 'மாத்தயா என்னே நே நே?' என்று மெதுவாகக் கேட்டார். ஐயா வரமாட்டார்தானே என்று.

பின்பக்கக் குளியலறையில் அந்தக் காலத்துக்குப் பொருந்தாத வெளிநாட்டுக் கமோட் ஒன்று இருக்கிறது என்று அதிசயப்பட்டிருக்கிறாய். அத்தான் இனிக் குந்தி இருக்கமாட்டார் அக்கா, அங்க பழகிட்டார் என்று சொல்லி உன் மாமனார் போட்டது அது. அத்தான் வரவில்லை, அதில் உன் மாமனார்தான் இருந்தார். இராச் சாப்பாட்டில் இது ஒரு பகிடி. அக்கா, அத்தானுக்குப் பாண் வாங்கி வைக்கட்டோ, சோறு செமிக்காதாம் என்று தம்பி கேட்பார். தம்பியின் மனைவி, வரேக்க ஒரு வெள்ளைக்காரியையும் கூட்டிக்கொண்டு வந்தா எந்த அறையில விடுறது எண்டு இப்பவே சொல்லுங்கோ மச்சாள் என்பா. மேசையே குலுங்கும். கமலா அக்காவும் சிரிப்பா. அவ சிரித்தால் நான் பாதிச் சோற்றோடு எழும்பிவிடுவேன்.

முன்னறையில் ஒழுங்கைப் பக்கத்து ஜன்னல் ஒன்று கல் வைத்து அடைக்கப்பட்டிருப்பதைக் கடல் காற்றின் உப்பைத் தடுக்க என்று ஊகித்திருக்கிறாய். ஊகம் அழகாக இருக்கிறது. ஆனால் அது காற்றுக்காக அடைத்த ஜன்னல் இல்லை. அத்தான் வருவதாகச் சொன்ன மாதங்களில் அக்கா பின்னேரத்தில் முகம் கழுவி, பொட்டு வைத்து, பூ வைத்து, அந்த ஜன்னலில் நிற்பா. காலி வீதியில் இருந்து ஏதாவது கார் திரும்பினால் கம்பியைப் பிடித்து எட்டிப் பார்ப்பா. ஒழுங்கைப் பொடியள் அதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். சைக்கிள் மணியை அடித்துவிட்டு, அக்கா, ஐயா வந்திட்டார் என்று கத்திக்கொண்டு ஓடுவார்கள். மானம் போகிறது என்று உன் மாமியார் மேசனைக் கூப்பிட்டா. பொடியளை ஒருவரும் ஏசவில்லை. ஜன்னலைத்தான் அடைத்தார்கள். மேசன் கல் வைக்கும்போது அக்கா அவருக்குத் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தா.

இனி, ஏன் இப்படிச் செய்தார்கள் என்று கேட்பாய். முதலில் நானும் இதை ஒரு விதமான இரக்கம் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால் தாங்கமாட்டா என்று தம்பி மறைக்கிறார் என்று எண்ணினேன். என் அறைக்கும் தொலைபேசிக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். ஒருநாள் மத்தியானம் விரிவுரை இல்லை, நான் உள்ளே படுத்திருந்தேன். நான் இருப்பது அவருக்குத் தெரியாது. அவர் கதைத்தது இன்றைக்கும் அப்படியே காதில் இருக்கிறது.

"அத்தான், நீங்கள் அந்த விவாகரத்துக் கதையை விடுங்கோ. ஒண்டும் எழுதாதேங்கோ, ஒண்டும் அனுப்பாதேங்கோ. நீங்கள் பேசாம இருந்தாலே காணும், இஞ்ச நான் பார்க்கிறன். சின்னவனுக்குப் பல்லு முளைச்சிட்டுதோ?"

நீ எஞ்சினியர், உனக்குச் சட்டம் தெரியாது. வடபகுதித் தமிழருக்கான எங்கள் தேசவழமைச் சட்டத்தில் பெண்ணின் சீதன வீட்டை அவளே விற்கவோ கொடுக்கவோ புருஷனின் கையெழுத்து வேண்டும். பிள்ளை இல்லாமல் அவள் கண்ணை மூடினால் வீடு கூடப்பிறந்தவர்களுக்குத் திரும்பும். அவவுக்கு இருந்தது ஒரே தம்பி. விவாகரத்து நடந்தால் அவ சுதந்திரமான ஆள். அப்போது அவவுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. இன்னொரு கலியாணம், ஒரு பிள்ளை, அவ்வளவுதான், வீடு கைவிட்டுப் போய்விடும். ஆகவே அவவை மனைவியாகவும் வைத்திருக்க வேண்டும், பிள்ளை இல்லாமலும் வைத்திருக்க வேண்டும். அதற்கு ஒரு வழிதான் இருக்கிறது, அவவைக் காத்திருக்க வைப்பது. அந்த வர்ணம் எல்லாம் அதற்காகத்தான் பூசப்பட்டது. அடிக்கவில்லை, பூட்டி வைக்கவில்லை, சாப்பாடு குறைக்கவில்லை. வாறார் வாறார் என்று சொல்லியே ஒரு பெண்ணின் பிள்ளை பெறும் வயதை முடித்துவிட்டார்கள்.

நான் சொன்னேன், தம்பி. வாழ்க்கையில் முதல் தடவையாக நானாக வாய் திறந்து ஒருவரிடம் ஒரு விஷயத்தைச் சொன்னது அதுதான். அக்கா குளியலறைக்குப் பின்னால் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தா. கேட்டதை எல்லாம் சொல்லி முடித்தேன். அவ உதறிய சேலையை மடிப்புக் குலையாமல் கொடியில் போட்டா. பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தா.

"எனக்குத் தெரியாதெண்டோ நினைச்சனீ? ஒருநாள் போனை நான் எடுத்தனான். அங்கால ஒரு பிள்ளை பப்பா, பப்பா எண்டு கூப்பிட்டது கேட்டது."

அப்படியானால் ஏன் இந்த வர்ணமும் பூவும் என்று கேட்டேன்.

"வரப்போறவரின்ர பெண்சாதிக்கு முன்னறை. விட்டிட்டுப் போனவன்ர பெண்சாதிக்குக் குசினி. எனக்குத் தெரியுமெண்டு அவங்களுக்குத் தெரிஞ்சால் நான் ஆரடி இந்த வீட்டில?"

அடுத்த நாள் காலையில் தன் தோட்டைக் காணவில்லை என்று அவ தம்பியிடம் சொன்னா. என் பெட்டியை விறாந்தையில் வைத்துத் திறந்து, என் உள்ளாடை வரைக்கும் உதறினார்கள். தோடு இல்லை. படிக்க வந்த பிள்ளை எண்டு நம்பினம் என்று உன் மாமியார் ஒழுங்கைக்குக் கேட்கிற குரலில் சொன்னா. கமலா அக்கா கதவு நிலையில் நின்று எல்லாவற்றையும் பார்த்தா. அவவின் காதில் வேறு தோடு இருந்தது. பல்கலைக்கழகப் பரீட்சை தொடங்க இரண்டு கிழமைதான் இருந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு காலி வீதிக்கு வந்து, கொட்டாஞ்சேனையில் இருந்த ஒரு தூரத்துச் சொந்தத்தின் வீட்டுக்கு பஸ் எடுத்தேன். உன் அப்பாவைக் கண்டது, நீ பிறந்தது எல்லாம் அதற்குப் பிறகு. தனக்கு எல்லாம் தெரியும் என்பதை அறிந்தவள் ஒருத்தி அந்த வீட்டில் இருக்கக்கூடாது என்று அவ தீர்மானித்தா. அவவை நான் மன்னித்தேனா என்று கேட்காதே. பல வருஷம் வெள்ளவத்தை பஸ்ஸில் ஏறவே எனக்கு மனம் வரவில்லை.

இப்போது போன கிழமைக்கு வருகிறேன். நீ வந்து கதிரையில் சாய்ந்துகொண்டு சொன்னாய். நீயும் அங்கே இருக்கும்போது, வீட்டை உன் வைஷாலியின் பெயரில் சீதனமாக எழுத நொத்தாரிசு வந்தாராம். கமலா அத்தை மட்டும் கையெழுத்து வைக்க மறுத்துவிட்டாவாம். அவர் வரட்டும், அவரின்ர கையெழுத்து இல்லாமல் நான் எப்பிடி எழுதிக் குடுக்கிறது என்று கேட்டாவாம். அத்தான் செத்து எவ்வளவு காலம் அக்கா, தெரியும்தானே என்று உன் மாமனார் சொல்ல, ஆர் சொன்னது, இண்டைக்குக் காலமையும் வாறார் எண்டுதானே நீ சொன்னனீ என்றாவாம். நொத்தாரிசு பையை மூடிவிட்டாராம். பாவம் அம்மா, மூளை நல்லாக் குழம்பிப்போச்சு, இன்னும் அந்த மனிசன் வருமெண்டு இருக்கிறா என்று நீ உண்மையான இரக்கத்தோடுதான் சொன்னாய். பிறகுதான் அடுத்ததைச் சொன்னாய். டொக்டரிடம் சான்றிதழ் எடுத்துக் கோட்டில் மனு போடப்போகிறார்கள், சித்த சுவாதீனம் இல்லாதவ என்று தீர்ப்பு வந்தால் தம்பி பொறுப்பாளர் ஆகிவிடுவார், வீட்டு அலுவலை முடித்துவிட்டு அவவைத் தெமட்டகொடைப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்ப்பார்கள், நொத்தாரிசைத் தவிர அவ சொன்னதை நேரில் கேட்ட வெளி ஆள் நான் ஒருவன்தானே, அதனால் மாமா என்னைச் சாட்சி சொல்லக் கேட்கிறார் என்று.

அடுத்த நாள் நீங்கள் எல்லோரும் கூறைச் சேலை எடுக்க நுகேகொடைக்குப் போயிருந்தபோது அந்த வீட்டுக்குப் போனேன். வேலைக்கு நிற்கிற பிள்ளை என்னை மாப்பிள்ளையின் அம்மா என்று உள்ளே விட்டது. கமலா அக்கா குசினிக்குப் பக்கத்து அறையில் கட்டிலில் இருந்தா. முன்னறை வைஷாலி பிறந்ததோடு பறிபோய்விட்டதாம். தலை முழுக்க வெள்ளை, நெற்றியில் பெரிய பொட்டு. என்னை நிமிர்ந்து பார்த்த உடனேயே, கள்ளி வந்திட்டியோ என்று கேட்டுவிட்டுச் சிரித்தா. புத்தி பேதலித்த சிரிப்பு இல்லை அது. உன்ர மகனோ அந்தப் பொடியன், சுவரெல்லாம் தட்டித் தட்டிப் பார்க்கிறான், என்னை ஒருக்கா என்ன எண்டு கேக்கேல்லை என்றா.

கோட்டில் என்ன நடக்கப்போகிறது என்று சொன்னேன். அவவுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. புருஷன் செத்த செய்தி வந்த நாளைக்கூடத் தெரியும். அன்றைக்கு வீட்டில் மீன் சமைக்கவில்லையாம், அதில் பிடித்துக்கொண்டாவாம். சாவுச் சான்றிதழைக் காட்டினால் அதில் பெண்சாதி எண்டு வேற பேர் இருக்கும், அவன்ர பொய் வெளிய வந்திடும், அதால தம்பி எனக்கு அதைக் காட்டமாட்டான் என்றா. பிறகு சொன்னா, ஒவ்வொரு நாள் காலையிலும் தம்பி சேட் போட்டுக்கொண்டு வெளிக்கிடும்போது, இண்டைக்குப் போன் வந்ததோ எண்டு நான் கேட்பன், ஓம் அக்கா வாறாராம் எண்டு அவன் சொல்லவேணும், சொல்லாமல் படியிறங்க விடமாட்டன், இவ்வளவு காலமும் அவனை ஒருநாள்கூடப் பொய் சொல்லாமல் ஒஃபீசுக்குப் போக விடேல்லை என்று. அதைச் சொல்லும்போது அவவின் முகத்தில் இருந்த திருப்தியைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. அவவை ஒரு பாவப்பட்ட மனிசியாக உனக்குக் காட்ட நான் வரவில்லை. அவர்கள் கட்டிய பொய்யைத்தான் அவ கதவுக்குப் பூட்டாகப் போட்டிருக்கிறா. அந்த வீட்டில் இன்று வரை அறிவு தெளிவாக இருக்கிற ஒரே ஆள் அவதான்.

என்ன வேணும் அக்கா உங்களுக்கு என்று கேட்டேன்.

"வீடு எனக்கென்னத்துக்கு? அவனுக்குக் கிடைக்கக்கூடாது. இந்தக் கட்டிலில கிடந்து சாகவேணும். வேற ஒண்டுமில்லை."

இதற்குள் நீயும் இருக்கிறாய், தம்பி. அவ உயிரோடு இருந்தால் இன்னும் பல வருஷம் அந்த வீடு உங்களுக்கு இல்லை. கலியாணமே குழம்பலாம். உன் மாமனார் சீதனம் இல்லாமல் பெண் தரமாட்டேன் என்று சொல்லமாட்டார், அவர் அப்படி நேராகப் பேசுகிற ஆள் இல்லை. அடுத்த மாதம் பார்ப்பம் தம்பி, ஒரு சின்னத் தடங்கல் என்பார். அந்தக் குரலை எனக்குத் தெரியும். வைஷாலியைப் பற்றி நான் ஒன்றும் சொல்லமாட்டேன். அவள் நல்ல பிள்ளையாக இருக்கலாம். ஆனால் காலையில் அந்தக் கேள்வியையும் பதிலையும் கேட்டுக்கொண்டேதான் பள்ளிக்கூடம் போய் வளர்ந்திருக்கிறாள். அத்தை அதைக் கேட்கும்போது உனக்கு என்ன தோன்றும் என்று அவளிடம் ஒருநாள் கேட்டுப்பார். கேட்டதும் சிரித்தாளானால், நீ யாரோடு குடித்தனம் நடத்தப்போகிறாய் என்று உனக்கு விளங்கிவிடும்.

உன் அப்பா இருந்திருந்தால் இதை மெதுவாகச் சொல்லியிருப்பார். எனக்கு மெதுவாகச் சொல்ல வராது. பேசத் தெரியாதவள் பேசத் தொடங்கினால் இப்படித்தான் இருக்கும். கோட்டில் உன்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்பார்கள், செத்துப்போன புருஷன் வருவார் என்று இவ சொன்னதை நீர் கேட்டீரா என்று. ஓம் என்று நீ சொல்லலாம். அது உண்மை. அந்த ஒரு உண்மையை மட்டும் சொல்லிவிட்டு இறங்கினால் அவவை அன்றைக்கே ஓட்டோவில் ஏற்றி அனுப்பிவிடுவார்கள், நீ ஒரு பொய்கூடச் சொல்லவில்லை என்ற நிம்மதியோடு வீட்டுக்குப் போகலாம். நிறையப் பேர் அப்படித்தான் வீடு எடுத்திருக்கிறார்கள். இண்டைக்குக் காலமையும் வாறார் எண்டுதானே நீ சொன்னனீ என்று அவ தம்பியைப் பார்த்துக் கேட்டதையும், அதை அவர் மறுக்காததையும் சேர்த்துச் சொன்னால், அதுவும் உண்மைதான். அதைச் சொன்னால் உனக்கு வீடு இல்லை, கலியாணமும் இருக்குமோ தெரியாது. கமலா அக்காவும் உனக்கு நன்றி சொல்லமாட்டா. தனக்கு எல்லாம் தெரியும் என்பது ஊருக்குத் தெரிந்துவிட்டதே என்று உன்னைச் சபிக்கவும் கூடும். இரண்டில் எதைச் செய்தாலும் யாரும் உன்னை வாழ்த்தப்போவதில்லை.

உன் புத்தகத்தை நான் திருத்தித் தரமாட்டேன். விசாரணை நாளைக்கு நானும் கோட்டுக்கு வருவேன். கமலா அக்காவின் பக்கத்தில் இருப்பேன். நீ சாட்சிக் கூட்டில் ஏறி அந்த ஓமைச் சொன்ன பிறகு, நான் உன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். அதோடு நீ இறங்கிவிட்டால், அடுத்ததாக என்னைக் கூப்பிடச் சொல்லி எழும்பிக் கேட்பேன். என் மகனுக்கு எதிராகச் சாட்சி சொல்ல வந்தவள் என்று என் பெயரைப் பதியட்டும்.

அம்மா